பச்சை விளக்கின் பொய்

போன வருஷம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கும்பகோணத்திலிருந்து பெரியப்பா அழைத்தார்.

"டேய் தம்பி, அந்தப் பெட்டியில நாலு பச்சை எரியுமே, இன்னைக்கு மூணுதான் பச்சை. ஒண்ணு ஆரஞ்சா எரியுது. பீப் பீப்னு கத்துது வேற. பெரியம்மா பயப்படறா."

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு சொன்னேன்: "ஒண்ணும் பயப்பட வேண்டாம் பெரியப்பா. ஒரு டிஸ்க் போயிருக்கும். அதுக்குத்தானே நாலு போட்டிருக்கோம். ஒண்ணு போனாலும் உள்ள இருக்கறது போகாது. அதை உருவிட்டுப் புதுசு மாட்டினா தானா சரியாயிடும்."

ஒவ்வொரு வாக்கியமும் கையேட்டில் உள்ளபடியே இருக்கிறது. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். இந்த வாக்கியங்களால்தான் 41 கேசட்டுகள் போயின.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெரியப்பா தமிழாசிரியர், ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும், மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் ஒரு டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி. மொத்தம் 212 கேசட். பாடியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்று இல்லை. பல்கலைக்கழகம் எதுவும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் போய் நிற்கவில்லை. அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று கிளம்பியது நான். நாலு டிஸ்க் போடும் பெட்டி ஒன்றை வாங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் ஒரே நாளில் நாலு டிஸ்க் வாங்கி, ரெய்டு 5 என்று அமைத்து, அவர் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். அவர் இரண்டு வருஷம் உட்கார்ந்து, ஒன்று இரண்டாக ஏற்றினார். எல்லாம் முடிந்ததும் பெரியம்மா கேட்டார், பரணில் இருக்கும் கேசட் மூட்டையை என்ன செய்வது என்று. "இனி எதுக்குப் பெரியம்மா, எல்லாம் பெட்டியில இருக்கு" என்றேன். பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துப் போனார்.

டிஸ்க் சாகும். நிமிஷத்துக்கு 5,400 தடவையோ 7,200 தடவையோ ராப்பகலாகச் சுழலும் தட்டு அது. கும்பகோணத்துப் புழுக்கத்தில், இன்வெர்ட்டர் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு திடுக்கிடலோடு, அது இரண்டரை வருஷம் ஓடியதே பெரிய விஷயம். டிஸ்க்கின் மேல் எனக்குக் கோபமில்லை. "பெட்டி ஓடுகிறது" என்பதை "உங்கள் பொருள் பத்திரம்" என்று மக்கள் படித்துக்கொள்ளும்படி விளக்கு வைத்து விற்கிற தொழிலின் மேல்தான் கோபம். அந்தத் தொழிலின் சம்பளமில்லாத ஏஜென்டுகளாகக் குடும்பத்துக்கு ஒரு ஆள் இருக்கிறோம். இன்ஜினியரிங் படித்த பிள்ளை.

ரெய்டு என்பது வீட்டுக்காகப் பிறந்ததல்ல. 1988-ல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வருகிறது. அன்றைக்கு ஐபிஎம் 3380 மாதிரியான பிரம்மாண்ட டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக, பெர்சனல் கம்ப்யூட்டருக்கான மலிவு டிஸ்க்குகளை வரிசையாக அடுக்கினால் வேகமும் கிடைக்கும், செலவும் குறையும் என்பது வாதம். ரெய்டில் உள்ள 'ஐ' அப்போது 'மலிவான' என்பதைக் குறித்தது. பிற்பாடு விற்பனைக்காரர்கள் அதைத் 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். நிறைய டிஸ்க் அடுக்கினால் தினம் ஒன்று சாகும், அதற்காக வேலை நிற்கக் கூடாது என்பதால்தான் உபரி டிஸ்க்கும் பாரிட்டியும் வந்தன. வங்கிக் கவுன்டரில் வரிசை நிற்கக் கூடாது. டிக்கெட் பதிவு நிற்கக் கூடாது. ரெய்டு கொடுக்கும் உறுதி அவ்வளவுதான்: நிற்காமல் ஓடும். உள்ளே இருப்பதை முப்பது வருஷம் வைத்திருப்பேன் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. கடையும் பெட்டியின் அட்டையும் நானும்தான் சொன்னோம்.

அந்தக் கட்டுரையின் கணக்கு ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஒரு டிஸ்க் சாவதற்கும் இன்னொன்று சாவதற்கும் சம்பந்தமில்லை என்பது அந்த அனுமானம். அனுமானம் என்று அவர்களே சொல்லித்தான் எழுதினார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து, 2007-ல், பியாங்கா ஷ்ரோடர் என்பவர் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் நிஜமான மாற்றுப் பதிவேடுகளை எடுத்து அலசினார். தயாரிப்பாளர்கள் 10 லட்சம் மணி நேரம், 15 லட்சம் மணி நேரம் என்று போடுவார்களே, அதை நம்பினால் வருஷத்துக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் டிஸ்க் போகக் கூடாது. நடைமுறையில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைவிட முக்கியமான விஷயம், சாவுகள் தனித்தனியாக வரவில்லை. ஒன்று போனால் அதையொட்டி இன்னும் சில போயின. ஷ்ரோடரோடு சேர்ந்து இதை எழுதியவர் யார் தெரியுமா? அதே கார்த் கிப்சன். ரெய்டைப் பெற்றவர்களில் ஒருவரே வந்து, நாங்கள் வைத்த அனுமானம் களத்தில் நிற்கவில்லை என்று காட்டிவிட்டுப் போனார். இது வெளிவந்து இத்தனை வருஷமாகிறது. இன்றைக்கும் நான் ஒரே கடையில், ஒரே நாளில், அடுத்தடுத்த சீரியல் எண் உள்ள நாலு டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வருகிறேன். ஒரே ஆலை, ஒரே மாதம், ஒரே லாரி, அப்புறம் ஒரே பெட்டிக்குள் ஒரே சூடு. நாலு பேரும் ஒன்றாகக் கிழவராகாமல் வேறு என்ன ஆவார்கள்?

விளக்குக்கு வருகிறேன். டிஸ்க் தன் உடம்பைத் தானே கவனித்துக் குறித்து வைக்கும் ஒரு பதிவு உண்டு, ஸ்மார்ட் என்று பெயர். பெட்டி அதைப் படித்துவிட்டு 'ஆரோக்கியம்' என்று பச்சையில் எழுதும். அதே 2007-ல் கூகுள்காரர்கள் மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், 56 சதவீதத்துக்கும் அதிகமானவை, சாவைச் சொல்லக்கூடிய நாலு முக்கியக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்திருந்தன. வெப்பம் தவிர்த்து மற்ற எல்லாக் குறிகளையும் சேர்த்துக்கொண்டாலும் 36 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக மௌனம். அதாவது குறி காட்டினால் நம்பலாம், காட்டாததை நம்பக் கூடாது. பச்சை விளக்கு 'நோய் இல்லை' என்று சொல்வதில்லை. 'என் கண்ணில் எதுவும் படவில்லை' என்கிறது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு தமிழாசிரியருக்கு விளக்க ஐந்து நிமிஷம் போதும். நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தால், "அப்போ எதுக்குடா இவ்வளவு காசு?" என்று கேட்டிருப்பார்.

ஆரஞ்சும் அதே ஜாதிதான். 'டிஸ்க் 2 பழுது' என்று பெட்டி சொன்னது. அது தீர்ப்பு. காரணம் சொல்லப்படவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும். எண்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. ஸ்மார்ட் பட்டியலில் 5-வது எண், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197-வது, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். இவை ஏறினால் தட்டிலோ தலையிலோ கோளாறு. 199 என்பது வேறு கதை. டிஸ்க்குக்கும் பெட்டிக்கும் நடுவில் பேச்சு குழறுகிறது என்று அர்த்தம். கேபிள், கனெக்டர், ஸ்லாட்டின் தொடர்புமுனை. டிஸ்க் நன்றாக இருக்கும், வாசல் சரியில்லை. பின்னால் நான் எடுத்துப் பார்த்த லாகில் டிஸ்க் 2-க்கு 5-வது பூஜ்யம், 197-வது பூஜ்யம், 199 மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. அதே ஸ்லாட்டில் மாட்டிய புது டிஸ்க்குக்கும் இரண்டே நாளில் 199 ஏறத் தொடங்கியிருந்தது. போனது ஸ்லாட். கும்பகோணம் போய், டிஸ்க்கை உருவித் தொடர்பைத் துடைத்து மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான் போகவில்லை. உருவச் சொன்னேன். வாரன்ட்டி இருந்ததால் அனுப்பி மாற்றச் சொன்னேன். போன டிஸ்க் திரும்பி வராது, அதுதான் வாரன்ட்டியின் விதி. நல்ல டிஸ்க்கை, பெரியப்பாவின் பாட்டுகளில் நாலில் ஒரு பங்கோடு, நானே அட்டைப்பெட்டியில் போட்டுக் கூரியரில் அனுப்ப வைத்தேன்.

புது டிஸ்க் மாட்டியதும் ரீபில்ட் தொடங்கியது. ரீபில்ட் என்றால் மிச்சமிருக்கும் மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை ஒன்று விடாமல் படித்து, கணக்குப் போட்டு, நாலாவதை எழுதுவது. இரண்டரை வருஷமாக யாரும் தொடாத மூலைகளையெல்லாம் ஒரே மூச்சில் தொடுவது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் வசதி லினக்ஸின் ரெய்டு மென்பொருளில் ரொம்ப காலமாக உண்டு. டெபியனில் நிறுவினால் மாதத்தின் முதல் ஞாயிறு தானாகவே ஓடும். அந்தப் பெட்டியில் அது அணைந்து கிடந்தது. ஓட வைக்க வேண்டியவன் நான். ஓடியிருந்தால் டிஸ்க் 4 சாகக் கிடப்பது முன்பே தெரிந்திருக்கும். இப்போது 64 சதவீதத்தில் தெரிந்தது. ராத்திரி பதினொன்றரை மணி. இரண்டாவது ஆரஞ்சு.

"இப்ப ரெண்டு எரியுதுடா."

"ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க பெரியப்பா."

இதைச் சொன்ன வாயை நான் என்ன செய்ய? தலை தேய்ந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை நிறுத்தி மறுபடி சுழலவிடுவது, நெஞ்சுவலிக்காரரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது மாதிரி. அவர் மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தார். நான் சொன்னதால்.

மறுநாள்தான் கிளம்பிப் போனேன். பெட்டியை அணைத்து, டிஸ்க்குகளில் ஸ்லாட் எண்ணை மார்க்கரால் எழுதி, சென்னைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் டிடிரெஸ்க்யூ வைத்து வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். அது முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும். பிரதியின் மேல்தான் சோதனை, அசலைத் தொடுவதில்லை. ஆரஞ்சு எரிந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே இதைத்தான் செய்திருக்க வேண்டும்: நிறுத்து, எண்ணைப் பார், பிரதி எடு, அப்புறம் மாற்று. எந்தப் பெட்டியும் இந்த வரிசையில் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. 'பழுது பார்' என்று ஒரு பொத்தானைத்தான் நீட்டுகிறது. டிஸ்க் 4 ஒன்பது நாள் ஓடி, பத்தாம் நாள் தலை ஒரேயடியாக நின்றது.

64 சதவீதம் வரை புது டிஸ்க்கில் எழுதப்பட்டிருந்ததால் அதுவரை உள்ளது எல்லாம் வந்தது. அதற்கு மேல் இருந்ததில் 41 கேசட். இங்கே இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 212 கேசட்டும் சேர்ந்து சுமார் 140 ஜிபி. ஒரு 256 ஜிபி பென்டிரைவில் அடங்கும். 12 டிபி பெட்டி எதற்கு? எனக்கு. நான் இறக்கி வைத்திருந்த சினிமாக்களுக்கு. பெரியப்பாவின் பாட்டுக்காக என்று சொல்லி, எனக்கு ஆசையாக இருந்த பொம்மையை அவர் மேசையில் வைத்தேன். சினிமாக்கள் முன்னாலேயே ஏறிவிட்டதால் தட்டின் முன்பகுதியில் இருந்தன. கிட்டத்தட்ட எல்லாம் பிழைத்தன.

அந்த 41-ம் முழுதாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ரெய்டு 5 கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி வைக்கும். இந்தப் பெட்டியில் துண்டு 64 கேபி. சிடி தரத்து ஒலியில் அது மூன்றில் ஒரு நொடியைவிடச் சற்று அதிகம். நாலு டிஸ்க்கில் இரண்டு இல்லாதபோது பாட்டு என்ன ஆகும் தெரியுமா? அரை வார்த்தை, மௌனம், இன்னொரு அரை வார்த்தை, நீண்ட மௌனம், ஒரு மூச்சு. ஒரு கிழவி தன் மகனுக்கு ஒப்பாரி சொல்கிறாள், ஒவ்வொரு அடியையும் யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் இதைச் சொன்னதும் நண்பன் சொன்னான்: "மச்சி, ரெய்டு பேக்கப் ஆகாதுடா." எங்கள் ஆட்களின் காயத்ரி மந்திரம் இது. நானும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். வாக்கியம் நூற்றுக்கு நூறு சரி. எப்போது சொல்கிறோம் என்பதைக் கவனியுங்கள். பெட்டி வாங்கும்போது சொல்வதில்லை, அப்போது எத்தனை டிபி, எவ்வளவு வேகம் என்றுதான் பேச்சு. போன பிறகு சொல்கிறோம். சாவு வீட்டில் போய், "ஹெல்மெட் போட்டிருக்கலாம்" என்பது மாதிரி. அந்த வாக்கியம் பறிகொடுத்தவரைக் குற்றவாளியாக்கி, விற்றவரையும் சிபாரிசு செய்தவரையும் விடுதலை செய்கிறது. அதற்காகவே அது இவ்வளவு பிரபலம்.

"கையேட்டில் எழுதியிருக்கிறதே" என்பீர்கள். எழுதியிருக்கிறது, சின்ன எழுத்தில். விளக்கு பெரிதாக எரிகிறது. எழுதாமலே விட்டதும் உண்டு. நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில மாடல்களில், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓடு மாதிரி அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் முறை இருப்பதை, வாடிக்கையாளர்கள் ரீபில்ட் தோற்றுக் கத்திய பிறகு, 2020 ஏப்ரலில்தான் வெஸ்டர்ன் டிஜிட்டல் பட்டியல் போட்டுச் சொன்னது. தொடர்ந்து எழுதும்போது திணறும் முறை அது. ரீபில்ட் என்பதே தொடர்ந்து எழுதுவதுதான்.

"கூகுள் டிரைவில் போட்டிருக்கலாமே" என்பதற்கு என்னிடம் பதில் கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கிறது. ஆமாம், போட்டிருக்கலாம். மூன்று இடங்களில் ஒன்றாக அது இருந்திருந்தால் இன்று நான் இதை எழுத மாட்டேன். பெரியப்பாவிடமும் கேட்டேன். "மாசாமாசம் காசு கட்டணும்ங்கறே. நான் போனப்புறம் யாருடா கட்டுவா?" என்றார். நான் கட்டுவேன் என்று சொல்ல வந்தேன். பெட்டியைப் பார்த்துக்கொள்வேன் என்றும் நான்தான் சொல்லியிருந்தேன்.

இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிற்றிதழ்த் தொகுப்பு, எழுத்தாளர் கடிதம், குரல் பதிவு என்று இன்று யாரைக் கேட்டாலும், "ஸ்கேன் பண்ணியாச்சு, நண்பர் வீட்டு நாஸ்ல இருக்கு" என்கிறார்கள். அந்த 'ஆச்சு' எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பித்தான் பரண் காலியாகிறது. உடனே ஓலைச்சுவடி உதாரணம் வேறு வந்துவிடும், இத்தனை நூற்றாண்டு தாங்கியதே என்று. நம் ஊர்க் காற்றிலும் கரையானிலும் ஓலை தாங்கியதைவிட, தலைமுறைக்கு ஒருமுறை யாரோ உட்கார்ந்து படித்துப் பெயர்த்து எழுதியதுதான் அதிகம் தாங்கியது. உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வெவ்வேறு ஊர்களிலிருந்து ஏடுகளை வரவழைத்து ஒப்பிட முடிந்தது. ஒன்றில் சிதைந்த அடிக்கு இன்னொன்றைப் பார்க்கலாம். ஏடுகள் எல்லாம் ஒரே மடத்தின் ஒரே பெட்டியில், விளக்கு எரிய, பத்திரமாக இருந்திருந்தால்?

தீபாவளிக்குப் போனபோது பெரியப்பா அந்த நறுக்குண்ட ஒப்பாரியைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் நோட்டு. மௌனம் வரும் இடங்களில் நினைவிலிருந்து சொல்லைப் போட்டுப் பார்க்கிறார், அடிக்கிறார், மறுபடி போடுகிறார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, "தொண்ணூத்தி மூணுல ஒரு பையன், எம்.ஃபில். பண்றேன்னு வந்து நாலஞ்சு கேசட் வாங்கிட்டுப் போய்க் காப்பி போட்டுக்கிட்டான். பேராவூரணிப் பக்கம். திருப்பித் தரும்போது ரெண்டு கேசட்ல ஓரம் உடைஞ்சிருந்தது, அன்னைக்கு அவனை அப்படித் திட்டினேன்" என்றார்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கிறது. ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். கேசட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். அவர் வழியாக இன்னும் இரண்டு பழைய மாணவர்களின் எண் கிடைத்தது. பெரியப்பா தினம் சாயங்காலம் யாரையாவது அழைத்துக் கேட்கிறார். 41-ல் இதுவரை ஆறு வந்திருக்கிறது.